கயிறும் பீங்கானும்: சோழமண்டலக் கடற்கரையில் ஆழமளத்தலும் படகடி உணரியும்

ஆய்வுச் சுருக்கம்

கடலின் ஆழத்தைக் குறிக்கும் ஓர் எண் அடித்தரையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அளந்த கருவியையும் அக்கருவி படகில் பொருத்தப்பட்ட இடத்தையும் பற்றியும் பேசுகிறது. ஈயக்குண்டுக் கயிற்றிலிருந்து அழுத்தமின் பீங்கானைக் கொண்ட எதிரொலி ஆழமானிக்கு நிகழ்ந்த மாற்றத்தை இக்கட்டுரை சோழமண்டலக் கடற்கரையை முன்வைத்து ஆராய்கிறது. கயிற்றுப் பதிவுகளையும் எதிரொலிப் பதிவுகளையும் திருத்தமின்றி ஒப்பிடும்போது எழும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் சென்று, இல்லாத தூர்வை இருப்பதாகக் காட்டக்கூடும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆழமளத்தல், பாகம், எதிரொலி ஆழமானி, ஆற்றல்மாற்றி, அழுத்தமின் பீங்கான், விருத்தாசலம், பரங்கிப்பேட்டை.

முன்னுரை

விருத்தாசலம் கடற்கரை ஊர் அன்று. மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த இவ்வூர், கடலூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்நாட்டில் உள்ளது. ஆற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்னும் பெரியபுராணச் செய்தியால் சைவ இலக்கியம் பயில்வோரும், பீங்கான் தொழிலால் ஏனையோரும் இவ்வூரை அறிவர். ஆயினும் இவ்வூருக்குக் கடலோடு ஒரு தொடர்பு உண்டு. மணிமுத்தாறு திருக்கூடலையாற்றூர் அருகே வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. பருவமழை வெள்ளத்தில் இந்நிலப்பகுதியின் களிமண் அக்கழிமுகத்தில் சென்று படிகிறது. அப்படிவின் மீது நீர் எத்தனை ஆழம் நிற்கிறது என்பதைப் படகுகள் அறிந்தாக வேண்டும். இன்று அதை அறிவிக்கும் கருவியின் உள்ளே இருப்பதும் ஒரு பீங்கான் வட்டே ஆகும்.

தமிழகத்தின் பீங்கான், மட்பாண்ட வரலாறு பெரிதும் அகழாய்வுப் பானையோடுகளிலும் கலைப்பொருள்களிலும் நிலைகொண்டுள்ளது. கருவிகளின் உறுப்பாகப் பீங்கான் ஆற்றிய பணி அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. கடல்சார் வரலாறோ துறைமுகங்களையும் வணிகக் குழுக்களையும் பேசுகிறது. ஆழம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை ஒரு தொழில்நுட்பச் செய்தியாக ஒதுக்கிவிடுகிறது. இவ்விரு விடுபடல்களும் சந்திக்கும் இடமே இக்கட்டுரையின் களம்.

கயிறும் ஈயமும்

தமிழ்நாட்டு மீனவர் ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் குறிப்பர். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி அமையும் நீளம் ஒரு பாகம். ஆங்கிலேயக் கடலளவையின் அலகும் இதே உடலளவிலிருந்து பிறந்ததே, அது பின்னர் 6 அடி (1.83 மீட்டர்) என நிலைப்படுத்தப்பட்டது. கயிற்றை மேலிழுக்கும் கைகளே அளவுகோலாகவும் அமைவதால் இந்த அலகு பல கடற்கரைகளில் தனித்தனியே தோன்றியிருப்பது வியப்பன்று.

ஆழக்கயிற்றின் பயன் எண்ணோடு முடிவதில்லை. ஐரோப்பியக் கப்பல்களின் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பைத் திணித்து இறக்குவர். மேலே வரும்போது கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித்துகளோ ஒட்டியிருக்கும். எதுவும் ஒட்டாமல் குழி நசுங்கி வந்தால் அடி பாறை எனக் கொள்வர். எகிப்தியக் கரையிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் குண்டை இறக்கினால் பதினொரு பாகத்தில் சேறு வரும் என ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார்; நைல் நதியின் படிவு கடலுக்குள் எத்தனை தொலைவு செல்கிறது என்பதற்கு அவர் காட்டும் சான்று அதுவே. ஆழமும் அடித்தரையின் இயல்பும் ஒரே வீச்சில் கிடைத்த காலம் அது.

மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளைக் குறித்த ஆங்கில ஆவணங்களில் 'பார்' என்னும் தமிழ்ச்சொல் அப்படியே கையாளப்பட்டுள்ளது. 'தொளாயிரம் பார்' போன்ற இடப்பெயர்கள் அளவையாளர்களின் வரைபடங்களுக்குள் புகுந்தமைக்குக் காரணம், கடலடியை இடந்தோறும் பெயரிட்டு அறிந்திருந்தவர்கள் முத்துக்குளிப்போரும் மீனவரும் என்பதே. பார், மணல், சேறு என அடித்தரையை வகைப்படுத்தி எந்த வலையை எங்கு இறக்குவது என முடிவு செய்வதற்குக் கயிறு தந்த செய்தியில் பாதி எண். மறுபாதி கையில் உணர்ந்த அதிர்வு.

அரசு சார்ந்த அளவை இதற்கு மேல் ஓர் ஒழுங்கை வேண்டியது. 1874இல் கல்கத்தாவில் இந்தியக் கடலளவைத் துறை நிறுவப்பட்டது. 1881 முதல் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கப்பல் அப்பணியில் ஈடுபட்டது. அத்துறையின் வழித்தோன்றலான இந்தியக் கடற்படை நீர்ப்பரப்பு அளவை அலுவலகம் 1954 முதல் டேராடூனில் இயங்குகிறது. கடலிலிருந்து வெகுதொலைவில் மலையடிவாரத்தில் கடல்வரைபடங்கள் உருவாவது ஒரு முரணாகத் தோன்றலாம். நில அளவைத் துறையின் இருப்பிடமும் அதுவே என்பதை நினைவிற்கொண்டால் முரண் நீங்கும்.

அளவைக் கப்பல்களின் கைக்கயிற்றில் 2, 3, 5, 7, 10 பாகங்களில் தோல்துண்டும் துணித்துண்டும் கட்டப்பட்டிருக்கும். இருளிலும் விரலால் தடவி அறியும் வகையில் அவற்றின் பொருளும் வடிவும் வேறுபடும். ஆழ்கடலில் இம்முறை மிகுந்த உழைப்பைக் கோரியது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் 1875 மார்ச் 23 அன்று மேற்குப் பசிபிக்கில் 4475 பாகம் அளந்தது. அப்படி ஓர் அளவுக்கு மணிக்கணக்கில் கப்பலை ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. 1872இல் வில்லியம் தாம்சன் சணற்கயிற்றுக்கு மாற்றாகப் பியானோக் கம்பியைப் பயன்படுத்திக் காட்டியது இவ்வுழைப்பைக் குறைத்தது. இருப்பினும் கரையோரத்தில் கைக்கயிறே நீடித்தது.

ஒலிக்குக் கைமாறிய ஆழம்

1912இல் 'டைட்டானிக்' மூழ்கியதை அடுத்துப் பனிப்பாறையை முன்கூட்டி அறியும் முயற்சிகள் பெருகின. ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம் 1913இல் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1914இல் ரெஜினால்ட் ஃபெசென்டன் தம் அலைவியைக் கொண்டு பனிப்பாறையிலிருந்தும் கடலடியிலிருந்தும் எதிரொலி பெற்றார். பனிப்பாறையைக் கண்டறிவதைவிடக் கடலடியைக் கண்டறிவது எளிதாக அமைந்தது. தேடியது ஒன்று, பயன்பட்டது மற்றொன்று. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் தேவை இத்துறையை விரைவுபடுத்தியது. 1917 அளவில் பால் லான்ஜெவின் குவார்ட்ஸ் படிகத் துண்டுகளை இரும்புத் தகடுகளுக்கிடையே வைத்து மீயொலியை உண்டாக்கினார். அழுத்தத்தால் மின்னையும் மின்னால் அதிர்வையும் தரும் இப்பண்பை க்யூரி உடன்பிறப்புகள் 1880-81இல் கண்டறிந்திருந்தனர்.

இந்தியப் பெருங்கடலில் இம்மாற்றத்தின் ஒரு கட்டம் 1933-34ஆம் ஆண்டுகளில் 'மபாஹிஸ்' என்னும் எகிப்தியக் கப்பலில் நிகழ்ந்த ஜான் மர்ரே ஆய்வுப்பயணம். அதற்குத் தலைமை ஏற்ற சீமோர் சூவல் முன்னர் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் இயற்கையியலாளராகப் பணிபுரிந்தவர். கயிற்றுக் காலத்தில் தொழில் பயின்ற ஒருவரே எதிரொலிக் காலப் பயணத்தை வழிநடத்தினார் என்பது கவனத்திற்குரியது.

மீன்பிடித் தொழிலுக்கு இக்கருவி வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. 1948இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ உடன்பிறப்புகள் மீன்காட்டிக் கருவியை வணிக நிலைக்குக் கொண்டுவந்தனர். தென்னிந்தியாவில் 1952இல் ஒப்பந்தமாகிக் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டு விசைப்படகுகளில் இன்று 'எக்கோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவியின் முன்வரலாறு இத்தகைய திட்டங்களோடு பிணைந்தது.

இங்கு ஒரு வினா எழுகிறது. கருவி கிடைத்த பின்னரும் கட்டுமரங்கள் அதை ஏற்காமல் இருந்தது ஏன்? பழமைப்பற்று என்று விடையளிப்பது எளிது, அவ்விடை பொருந்தாது. கட்டுமரத்தில் குழிந்த உடற்பகுதி இல்லை. மரத்துண்டுகள் கயிற்றால் பிணைக்கப்பட்டு, கரைசேர்ந்ததும் அவிழ்க்கப்பட்டு உலர்த்தப்படுகின்றன. ஓர் உணரியை நிலையாகப் பொருத்தவும், அதன் கம்பியை நீர் படாமல் கொண்டுசெல்லவும், மின்கலத்தை வைக்கவும் அதில் இடமில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பேரளவில் பெற்றபோதுதான் சிறு மீனவரின் கைக்கும் 'அடிப்பரப்பு' என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது. ஆழமானியின் வரலாறு படகுடலின் வரலாற்றைப் பின்தொடர்ந்தே செல்கிறது.

மின்னைத் தடுக்கும் பீங்கானும் அதிரும் பீங்கானும்

தொடக்ககால ஆழமானிகள் பலவற்றில் பீங்கான் இல்லை. மெல்லிய நிக்கல் தகடுகளை அடுக்கிக் காந்தப்புலத்தால் அதிரச்செய்யும் முறையே வழக்கில் இருந்தது. பீங்கான் நுழைந்த கதை வேறொரு பற்றாக்குறையிலிருந்து தொடங்குகிறது. வானொலிக் கருவிகளின் மின்தேக்கிகளுக்குக் காக்காப்பொன் எனப்படும் மைக்கா இன்றியமையாததாக இருந்தது. அதை உலகுக்கு வழங்கியதில் இந்தியாவே முதன்மை பெற்றது. பீகாரின் சுரங்கங்களோடு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரும் அதற்குப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் மைக்காவுக்கு மாற்றுத் தேடியபோது அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியே பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானின் மின்பண்புகள் கண்டறியப்பட்டன. சுட்ட பீங்கானை உயர் மின்னழுத்தத்தில் வைத்தெடுத்தால் அது படிகத்தைப் போல அழுத்தமின் பண்பைப் பெறும் என்பது அடுத்துப் புலனாயிற்று. 1954இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் ஜாஃபே குழுவினர் ஈயச் சிர்க்கோனேட் டைட்டனேட் என்னும் கலவையின் சிறப்பை வெளியிட்டனர். இன்றைய படகு உணரிகளில் பெரும்பாலும் இருப்பது இக்கலவையே. தூண்டிய மின்பண்பு பேரியம் டைட்டனேட்டில் ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் அழிந்துவிடும். ஈயக்கலவையில் இவ்வெல்லை 300 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ அமைகிறது.

குண்டில் இருந்த ஈயமே பீங்கானின் உட்கூறாக மாறிற்று என்பது தற்செயல் ஒற்றுமை மட்டுமே. அதற்கு மேல் பொருள் ஏற்றத் தேவையில்லை.

விருத்தாசலத்தின் பீங்கான் இதனின்றும் வேறுபட்டது. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலடுக்கில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு அடித்தளமாயிற்று. நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம், தொழிற்பேட்டை, டாசெல் எனப்பட்ட தமிழ்நாடு பீங்கான் நிறுவனம் ஆகியவை இவ்வூரோடு தொடர்புடையவை. மின்காப்பிகள், ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள் முதலியன இங்கிருந்து சந்தைக்குச் செல்கின்றன. மின்காப்பியின் கடமை மின்னைத் தடுத்து நிறுத்துவது. உணரியின் பீங்கானோ மின்னால் அதிர்ந்து, அதிர்வால் மின்னைத் தர வேண்டும். முன்னதன் மூலப்பொருள் தோண்டியெடுத்த களிமண். பின்னதன் மூலப்பொருள் தூய்மைப்படுத்திய உலோக ஆக்சைடுகள்.

எனினும் செய்முறையின் பெரும்பகுதி ஒன்றே: அரைத்தல், கலத்தல், அச்சில் அழுத்துதல், உலர்த்தல், 1200 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுடுதல். ஈயக்கலவையைச் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகிக் கலவையின் விகிதம் மாறிவிடும். ஆகவே மூடிய மூசையில், ஈயம் மிகுந்த துகளைச் சூழ வைத்துச் சுடுவர். அந்த ஆவி நச்சுத்தன்மை உடையது என்பதால் திறந்த சூளையில் செய்யத்தக்கதன்று. சுட்டபின் இரு முகங்களிலும் வெள்ளிப் பூச்சிட்டு, சூடான எண்ணெயில் அமிழ்த்தி உயர் மின்னழுத்தம் தருவது இறுதிநிலை. இந்தியாவில் இவ்வகைப் பீங்கானைச் செய்யும் நிறுவனங்களுள் சாகிபாபாத்தின் மத்திய மின்னணு நிறுவனம் குறிப்பிடத்தக்கது. களிமண்ணின் அண்மை விருத்தாசலத்தை ஒரு பீங்கான் நகரமாக்கியது. களிமண்ணே தேவைப்படாத பீங்கான் தோன்றியபோது அவ்வண்மையின் மதிப்பு குறைந்தது. ஒரு தொழில்நகரத்தின் வலிமையே அதன் எல்லையாகவும் அமைந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடிப்பலகையில் ஓரிடம்

ஆழமானி ஆழத்தை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. ஒலித்துடிப்பு அடித்தரைக்குச் சென்று திரும்பும் நேரத்தின் பாதியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். கடல்நீரில் வேகம் நொடிக்கு 1500 மீட்டர் எனக் கொண்டால், 15 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி வர 20 மில்லிநொடி ஆகும். இந்நேரம் ஆற்றல்மாற்றியின் முகத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, நீர்மட்டத்திலிருந்து அன்று. ஆகவே அம்முகம் படகில் எங்கிருக்கிறது என்பது அளவின் ஒரு பகுதி.

இடத் தேர்வில் முதல் எதிரி காற்றுக்குமிழி. நீருக்கும் காற்றுக்கும் ஒலிக்கடத்தலில் உள்ள பெரும் வேறுபாட்டால் குமிழிப்படலம் ஒலியைத் திருப்பியனுப்பிவிடும். அணியத்தை ஒட்டிப் பொருத்தினால் அலையில் படகு எழும்போது உணரி நீரை விட்டு வெளிவரும். பின்னணியத்தில் பொருத்தினால் புரொப்பெல்லரின் கலங்கலும் இயந்திர அதிர்வும் இடையூறு செய்யும். ஏராக்கட்டைக்கு அருகே, நடுப்பகுதியை ஒட்டி, முன்னே நீர் வெளியேற்றும் துளையோ துருத்திய பலகை விளிம்போ இல்லாத இடமே பொருத்தமானது. அடிப்பகுதி சாய்வாக இருப்பின் உணரியின் முகம் கிடைமட்டமாக அமையுமாறு மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி இடையில் வைக்க வேண்டும். 10 பாகை சாய்ந்த கற்றை 30 மீட்டர் ஆழத்தை ஏறத்தாழ 30.5 மீட்டராகக் காட்டும். அதைவிடப் பெரிய தீங்கு, சாய்ந்த எதிரொலி வலுவிழந்து திரும்புவது.

மரப் படகில் பலகையைத் துளைத்தே உணரியைப் பொருத்த வேண்டும்; மரம் ஒலியை உட்கொண்டுவிடும். திண்ணிய ஃபைபர் அடிப்பகுதியின் உட்புறத்தில் காற்றிடைவெளி இன்றி ஒட்டினால் துளையிடாமலே ஒலி ஊடுருவும். இரு அடுக்குகளுக்கிடையே நுரைப்பொருள் இருப்பின் ஊடுருவாது. எஃகுப் படகில் வெண்கல உறை நேராக எஃகைத் தொட்டால் கடல்நீரில் மின்வேதி அரிப்பு தொடங்கும். காப்பு வளையம் இன்றியமையாதது. பழைய எஃகுக் கப்பல்களில் நிக்கல் உணரியை நீர் நிரம்பிய தொட்டியில் வைத்து அடித்தகட்டின் வழியாகவே ஒலியைச் செலுத்தும் முறையும் இருந்தது. எச்சூழலிலும் உணரியின் கம்பியை இயந்திரத்தின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டலாகாது.

அதிர்வெண்ணின் தேர்வும் எண்ணை மாற்றும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழமாகச் செல்லும். சிறு உணரிகளில் அதன் கற்றை விரிந்தது. 200 கிலோஹெர்ட்ஸ் குறுகியது, நுண்ணியது. 12 பாகைக் கற்றை 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 6 மீட்டர் அகலமுள்ள வட்டத்தைத் தழுவும். 45 பாகைக் கற்றையானால் அவ்வட்டம் 25 மீட்டரை எட்டும். அவ்வட்டத்துள் மிக அண்மையில் உள்ள மேடே முதலில் எதிரொலிக்கும்.

பராமரிப்பும் தடைக்காலமும்

வெதுவெதுப்பான வங்கக் கடலில் மூழ்கியிருக்கும் எப்பரப்பிலும் பாசியும் ஓடுடைய சிற்றுயிர்களும் விரைந்து பற்றுகின்றன. உணரியின் முகத்தில் அவை படர்ந்தால் எதிரொலி மங்கும், எண் துள்ளும், வேகம் கூடியதும் மறைந்துவிடும். தமிழ்நாட்டில் இதற்கான பராமரிப்புக்கு ஒரு நாட்காட்டி இயல்பாகவே அமைந்துவிட்டது. 2001 முதல் 45 நாள்களாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாக நீட்டிக்கப்பட்ட கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் மீன்வளப் பெருக்கத்தை நோக்கியது. விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு அடிப்பகுதி சுரண்டப்பட்டு வண்ணம் பூசப்படுவதும் அக்காலத்திலேதான்.

அந்த வேலையில்தான் உணரி பழுதாவதும் உண்டு. பலகையைச் சுரண்டும் இரும்புத் தகட்டால் உணரியின் முகத்தையும் சுரண்டினால் கீறல் விழும். மென்துணியும், தேவையெனில் நீரில் நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளும் போதும். கீட்டோன் வகைக் கரைப்பான் கலந்த பூச்சு நெகிழி உறையை அரிக்கும். செம்பு உலோகத்துகள் கொண்ட பூச்சை உலோக உறையில் இடுவது அரிப்பை வரவழைக்கும். நீர் அடிப்படையிலான பூச்சை மெல்லிய ஒரே படலமாக இடுவதே முறை. தடித்த பூச்சுக்குள் சிக்கும் காற்றுக்குமிழி பாசியைவிடக் கேடு செய்யும். துளையைச் சூழ்ந்த அடைப்புப்பசை, கம்பியின் இணைப்பு முனை ஆகியவற்றையும் இதே காலத்தில் பார்த்துவிட வேண்டும். படகு நீரில் இறங்கியதும் அடிப்பகுதியின் உட்புறத்தைச் சோதிப்பது பழைய கலப்பற்றுத் தொழிலாளரின் வழக்கம். உணரித் துளைக்கும் அது பொருந்தும்.

எண்கள் ஒரே பக்கம் சாய்தல்

மேற்கூறிய நுட்பங்கள் வரலாற்றாய்வாளருக்கு எதற்கு என்னும் ஐயம் எழலாம். 1876இல் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தென்புறம் மணல் குவிந்து கரை விரிந்ததும் வடபுறம் கடலரிப்பு நேர்ந்ததும் நன்கறியப்பட்டவை. இத்தகைய மாற்றங்களைக் கணிப்பதற்கான சான்றுகளுள் அடுத்தடுத்த கால ஆழப் பதிவுகளும் அடங்கும். கழிமுகம் தூர்ந்தது யாரால், தூர்வாரும் செலவு யாருடையது, மீனவர் வழியிழந்ததற்குப் பொறுப்பு எது என்னும் வழக்குகளில் இந்த எண்களே சாட்சிகள். சாட்சி எந்த இடத்திலிருந்து பார்த்தது என்று கேட்காமல் சாட்சியத்தை ஏற்க இயலாது.

கயிறு பொதுவாக ஆழத்தை மிகுத்துக் காட்டும். நீரோட்டத்தில் அது வளைந்து சாய்வதால் உண்மையைவிட நீளமாக இறங்குகிறது. நெகிழ்சேற்றில் குண்டு மேற்படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே புதைகிறது. உலர்ந்த நிலையில் குறியிட்ட சணற்கயிறு நனைந்து சுருங்கினாலும் விளைவு அதுவே. நெடுநாள் பயன்பாட்டில் நீண்டுபோன கயிறு மட்டும் இதற்கு மாறாக ஆழத்தைக் குறைத்துக் காட்டும்.

திருத்தப்படாத எதிரொலி ஆழத்தைக் குறைத்தே காட்டும். முதலாவது, ஒலியின் வேகம். பழைய கருவிகள் சில நொடிக்கு 800 பாகம் (1463 மீட்டர்) என்றும், பிரித்தானியக் கருவிகள் 820 பாகம் (1500 மீட்டர்) என்றும் வேகத்தைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. 28 பாகை வெப்பமுள்ள வங்கக் கடல்நீரில் உண்மை வேகம் 1540 மீட்டரை ஒட்டியது. எனவே 20 மீட்டர் ஆழத்தை முதல்வகைக் கருவி 19 மீட்டர் என்றும் இரண்டாம் வகை 19.5 மீட்டர் என்றும் பதியும். இதைத் திருத்துவதற்காகவே 1927இல் மாத்யூஸின் வேக அட்டவணைகள் வெளியாயின; அவை பயன்படுத்தப்பட்டனவா என்பதை ஒவ்வோர் ஆவணத்திலும் தேட வேண்டும். இரண்டாவது, உணரியின் அமிழ்வு. முகம் நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழிருந்து, அது கூட்டப்படாவிட்டால் அத்தனையும் குறையும். மீனும் பனிக்கட்டியும் ஏறிய படகில் அமிழ்வு காலையில் இருந்தது போல மாலையில் இராது. மூன்றாவது, விரிந்த கற்றை சரிவில் மேட்டையே முதலில் காண்பது. நான்காவது, 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி நெகிழ்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவது.

கயிற்றுக்காலப் பதிவின் மீது எதிரொலிக்காலப் பதிவை வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு இப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல், பெரும்பாலும் ஒரே பக்கம் கூடுகின்றன. அடித்தரை ஓர் அங்குலம் உயராத இடத்திலும் கடல் ஒரு மீட்டருக்கு மேல் தூர்ந்ததாக அட்டவணை காட்டும். தூர்வு நிகழவே இல்லை என்பது இக்கட்டுரையின் கூற்றன்று. பல கழிமுகங்களில் அது கண்கூடு. எவ்வளவு என்னும் வினாவில்தான் சிக்கல். வேறுபாடு ஒரு மீட்டர் அளவில் இருக்கும்போது அதைத் தூர்வாக எழுதுவதற்கு முன் கருதிய வேகம், உணரியின் அமிழ்வு, ஓதத்திருத்தத்தின் ஆதாரமட்டம் ஆகிய மூன்றும் பதிவின் ஓரக்குறிப்பில் உள்ளனவா எனக் காண்பது கடமை. ஓத ஏற்றவற்றமே பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கும் சோழமண்டலக் கரையில் இது மேலும் முதன்மை பெறுகிறது.

பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் இச்சிக்கல் பருவத்தோடு மாறும். கோடையில் கடல்நீர் உட்புகும்போது ஒலிவேகம் கடலின் அளவை நெருங்கும். வடகிழக்குப் பருவத்தில் வெள்ளாற்று நன்னீர் நிறையும்போது வேகம் 1500 மீட்டருக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கி, கருவி கருதிய வேகத்தோடு ஏறத்தாழ ஒத்துவிடும். வேகப்பிழை நீங்கும் அதே நாள்களில்தான் விருத்தாசலத்தைக் கடந்துவந்த கலங்கல் அடியில் நெகிழ்சேறாகத் தங்குகிறது. ஒலி ஒன்று சொல்லும், குண்டு மற்றொன்று சொல்லும். ஏரா அச்சேற்றின் மேற்படலத்தை உழுதுகொண்டு செல்ல இயலும் என்பதால் படகோட்டிக்குக் குண்டின் எண்ணும், படிவை ஆராய்பவருக்கு ஒலியின் எண்ணும் பயன்படும்.

துறைமுக அளவைப் படகுகளில் நாளின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்வது வழக்கம். குறியிட்ட சங்கிலியிலோ நீளா வடத்திலோ ஓர் உலோகத் தட்டைக் கட்டி உணரிக்கு நேர்கீழே 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் என இறக்கி, கருவி காட்டும் எண்ணைச் சங்கிலியின் குறியோடு ஒப்பிட்டுத் திருத்துவர். அன்றைய நீரின் வேகப்பிழையும் உணரியின் அமிழ்வும் இதில் ஒருங்கே வெளிப்பட்டுவிடும். சோதனையின் முடிவு களக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதப்படுகிறது. அச்சிட்ட வரைபடங்களில் இக்குறிப்பு இடம்பெறுவதில்லை. ஆவணக் காப்பகங்களில் வரைபடத்தை மட்டும் கேட்டுப் பெறாமல் களக்குறிப்பேட்டையும் கேட்பதற்குக் காரணம் இதுவே.